கண்ணு, தங்கம், டியர்

சேலம்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. துணிக்கடையில் பேத்தி வயதுப் பெண் உன்னை "டியர்" என்று கூப்பிட்டதற்கு ஒரு பக்கம் முழுக்கக் கோபப்பட்டிருக்கிறாய். சென்னைக்குப் போனதும் உனக்கு ரோஷம் ஜாஸ்தியாகிவிட்டது. இங்கே இருந்தவரை நம்மைக் கண்ணு, சாமி, தங்கம் என்று கூப்பிடாத கடைக்காரி யாராவது உண்டா?

இன்னும் அப்படித்தான். போன மாதம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மாம்பழம் வாங்கப் போனேன். "வா கண்ணு, மல்கோவா பாரு, உனக்குன்னுதான் எடுத்து வெச்சேன்" என்றாள் கூடைக்காரம்மா. எனக்கு முன்னால் நின்ற மீசைக்காரப் போலீஸ்காரருக்கும் அதே கண்ணு, அதே உனக்குன்னுதான். விலையில் மட்டும் அஞ்சு பைசா இறங்கவில்லை. வாயைத் திறந்தால் "ஏஞ்சாமி, காலங்காத்தால?" என்கிறாள். அப்புறம் எங்கே பேரம் பேசுவது? தொழில் தந்திரம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு பழமாக எடுத்துக் காம்புப் பக்கம் முகர்ந்து, "இது இன்னைக்கு அறுக்கலாம், இது நாளன்னைக்கு" என்று தனித்தனியாகப் பையில் வைத்தாள் பார், அதில் தந்திரம் கிடையாது.

தட்டுவடை செட் போடுகிற பையன் என்னை அக்கா என்கிறான், எங்க வீட்டுக்காரரைப் பாஸ் என்கிறான். அன்றைக்கெல்லாம் மனுஷன் நடையே வேறு.

எனக்கும் கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. சர்க்கரை பார்க்க ஒரு லேபுக்குப் போனேன், மகளும் கூட வந்தாள். ரத்தம் எடுக்கிற பெண், "செல்லம், கையை நீட்டுங்க. சமத்துப் பாட்டி, வலிக்கவே வலிக்காது" என்றாள். சரி, போகட்டும். அடுத்த நிமிஷம் மகளைப் பார்த்து, "பாட்டி வெறும் வயித்துலதான வந்தாங்க? என்ன மாத்திரை சாப்பிடறாங்க?" என்கிறாள். காலமெல்லாம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்குத் தன் மாத்திரைக் கணக்குத் தெரியாதா? "கண்ணு, அதை என்கிட்டயே கேளு. மெட்ஃபார்மின் 500, காலையும் ராத்திரியும்" என்றேன். "சாரிம்மா" என்று சிரித்துவிட்டு மிச்சத்தை என்னிடமே கேட்டாள். பாவம், விடிந்ததும் வந்து வரிசையாக ஊசி குத்துகிற பிள்ளை. அன்பாகப் பேசு என்று யாரோ பாடம் எடுத்திருப்பார்கள்.

இதை அமெரிக்காவில் ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். வயசானவர்களிடம் குழந்தையோடு பேசுவதுபோல் கொஞ்சிப் பேசுவதற்கு எல்டர்ஸ்பீக் என்று பெயர். கான்சாஸ் பக்கம் முதியோர் இல்லங்களில் மறதி நோய் வந்தவர்களைக் குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும் வீடியோ எடுத்துப் பார்த்தார்களாம். பெரியவர்களிடம் பேசுவதுபோல் பேசியபோது இருந்ததைவிட, கொஞ்சிப் பேசியபோது முரண்டு பிடிப்பது கூடியிருக்கிறது. 2009இல் வெளிவந்த ஆராய்ச்சி. நினைவே தப்பிப்போனவர்களுக்குக்கூட அது உறைக்கிறது என்றால் எனக்கு உறைக்காதா?

மாம்பழக்காரி என்னைக் கண்ணு என்கிறாள், என் முகத்தைப் பார்த்தே சண்டையும் போடுகிறாள். லேபில் செல்லம் என்று சொல்லிவிட்டு என் தலைக்கு மேலே பேச்சு நடக்கிறது. அந்தத் துணிக்கடைப் பெண் எந்த ரகம்? புடவையை உன் முன்னால் பிரித்துப் போட்டாளா, உன் மருமகள் முன்னாலா? உன் முன்னால் என்றால் அந்த டியரை மன்னித்துவிடு. இல்லையென்றால் இன்னும் ஒரு பக்கம் திட்டி எழுது, நானும் சேர்ந்துகொள்கிறேன்.

அப்புறம், ஏற்காட்டில் மழை பிடித்துவிட்டது. ஆகஸ்டில் பேரிக்காய் வந்துவிடும், கட்டாயம் கிளம்பி வா. 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் உனக்குத் தலை சுற்றும், மாத்திரை போட்டுக்கொள். ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி என் செலவு. மிளகு வாங்கும்போது பேரம் மட்டும் நீ பேசு. தங்கம் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால், கடைக்காரர் கேட்ட விலையை நான் கொடுத்துவிடுவேன்.

அன்புடன்,
சரோஜா