பால் கொடுத்து உறங்கவைத்து ஸ்கேன் எடுத்த அக்காவுக்கு

அன்புடையீர்,

எங்கள் கைக்குழந்தைக்கு வலிப்பு வந்ததை ஊரும் உறவும் அறியும். அதை மறுபடி எழுத மனம் துணியவில்லை. நள்ளிரவில் ஆட்டோவை எடுத்து வந்த பக்கத்து வீட்டு அண்ணன், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் தொட்டிலை விட்டு நகராத செவிலியர்கள், கேட்ட பணத்தைக் காரணம் கேளாமல் தந்த குளச்சல் உறவினர்கள் ஆகிய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இருப்பினும் இந்த மடலை எழுதவைத்தவர், நாகர்கோவிலில், காந்தத்தால் உடலுக்குள் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறையில் பணிபுரியும் ஓர் அக்கா.

வலிப்பு நெடுநேரம் நீடித்ததால், நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியைப் பார்த்தாக வேண்டும் என்றார் மருத்துவர். மூளைக்குள் ஆழத்தில் இருபுறமும் உள்ள அந்தச் சிறு பகுதியை மெல்லிய குறுக்குவெட்டுகளாகப் படமெடுத்து ஒப்பிட வேண்டும். தலை சற்று அசைந்தாலும் படம் கலங்கிவிடும். மயக்கமருந்து கொடுப்பதானால் அதற்கு முன் நான்கு மணி நேரம் தாய்ப்பாலும் கூடாது என்றதும் நான் உடைந்துபோனேன். "அழாத மக்களே, பால் குடுத்து உறங்க வச்சுப் பாப்போம்" என்ற அந்த அக்கா, தாமே மருத்துவரிடம் பேசி அனுமதியும் பெற்றார்.

உள்ளே உலோகம் எதுவும் போகக்கூடாது என்பதால், மாமியார் கட்டிய அரைஞாணைத் தாயத்தோடு கழற்ற வேண்டியிருந்தது. கத்தரிக்கோல் மேசையிலேயே கிடந்தும் அவர் அதை எடுக்கவில்லை. ஈரத்தில் இறுகிக் கிடந்த முடிச்சை நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்து, காகிதத்தில் மடித்து மாமியாரின் கையிலேயே கொடுத்தார். (எல்லாம் அந்தத் தாயத்தின் மகிமை என்றுதான் மாமியார் இன்றும் சொல்கிறார், நான் மறுப்பதில்லை.) பின்னர் காதில் பஞ்சு, அதன்மேல் காதுமூடி, உடலைச் சுற்றித் துணி. இடையில் பிள்ளை விழித்தபோது இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மீண்டும் பாலூட்டச் சொல்லிக் காத்திருந்தார். அவருடைய பணி நேரம் எப்போதோ முடிந்திருந்ததை வாயிற்காவலர் சொல்லித்தான் அறிந்தேன்.

இருபுற ஹிப்போகாம்பஸும் ஒத்த அளவில் உள்ளன, வீக்கம் இல்லை என்று முடிவு வந்திருக்கிறது. ஆயினும் கைக்குழந்தையின் நரம்பிழைகளுக்கு மயலின் எனும் கொழுப்பு உறை இன்னும் முழுதாக உருவாகாததால் அதன் மூளைப் படம் பெரியவர்களுடையதைப் போல் இராது என்றும், பாதிப்பு இருந்தால் அந்தப் பகுதியின் சுருக்கம் மாதங்கள் கழித்தும் தெரியவரலாம் என்றும் மருத்துவர் விளக்கியிருப்பதால், மீண்டும் ஒரு ஸ்கேன் உண்டு. அதுவரை வலிப்பு மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிட மாட்டேன். வளர்ந்த பிள்ளை அப்போது பாலுக்கு உறங்குமோ, மயக்கமருந்துதான் வேண்டியிருக்குமோ. எதுவானாலும் அந்த அக்கா பணியில் இருக்கும் நாளையே கேட்டு வாங்குவோம்.

நன்றியுடன்,
குளச்சலிலிருந்து ஒரு தாய்