12-க்கு 12: சங்கரனுக்கு ஒரு கடிதம்

பாளையங்கோட்டை,
ஞாயிறு காலை

அன்புள்ள சங்கரா,

இங்கு எல்லாரும் நலம். நீயும் மதினியும் நலமா? உன் கடிதமும், அதற்குள் நான்காக மடித்து வைத்திருந்த 12-க்கு 12 கென்கென் புதிரும் போன வாரம் வந்து சேர்ந்தன. போனில் படம் எடுத்து அனுப்பினால் ஒரு நிமிட வேலை. நீ கிராப் தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கூண்டுகளைத் தடித்த பேனாவால் கட்டி, 144 கட்டங்களையும் கையால் வரைந்து அனுப்பியிருக்கிறாய். இந்த உழைப்புக்காகவே உனக்குக் கால் கிலோ அல்வா வாங்கித் தரலாம். சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று மதினியிடம் கேட்டுக்கொண்டு அனுப்புகிறேன்.

லட்சுமிக்கு இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. நல்லபடியாக முடிந்தது. மூன்று வாரம் அடுப்புப் பக்கம் போகக்கூடாது என்று டாக்டர் சொன்னார். அதனால் சமையல் என் கையில். சாம்பார் வைக்கப் பழகிவிட்டேன், ரசம் இன்னும் கைவரவில்லை. மத்தியானம் அவள் தூங்கும் நேரத்தில்தான் பென்சிலும் ரப்பருமாக உட்கார முடிகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விதி என்னவோ இவ்வளவுதான்: 12-க்கு 12 என்றால் ஒவ்வொரு கிடைவரிசையிலும் நெடுவரிசையிலும் 1 முதல் 12 வரை ஒவ்வொரு எண்ணும் ஒரே ஒரு முறை வர வேண்டும்; தடித்த கோட்டுக்குள் அடங்கிய கட்டங்கள் ஒரு கூண்டு, அவற்றின் எண்களைக் கூட்டியோ கழித்தோ பெருக்கியோ வகுத்தோ கூண்டில் போட்டிருக்கும் விடை வர வேண்டும். "பத்து நாளாக உட்கார்ந்திருக்கிறேன், அசையவில்லை. 12-க்கு 12 எல்லாம் மனுஷன் போடக்கூடியதா?" என்று எழுதியிருந்தாய். உன் புதிரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் உன் கேள்வியோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. பெரிய புதிர் என்றால் கஷ்டமான புதிர் என்று நீயும் நினைக்கிறாய், இதை அச்சடித்து நட்சத்திரம் போடுகிறவர்களும் நினைக்கிறார்கள். நான் ஒரு வருஷமாக நோட்டுப் போட்டு எழுதி வருகிறேன். கட்டம் பெருகப் பெருக வேலை கூடுகிறது, அதில் சந்தேகமில்லை. கஷ்டம் கூடுவது வேறு விஷயம். நம் பழைய வேலையில் 400 சேமிப்புக் கணக்குக்கு வட்டி போடுவது வேலை. டாலி ஆகாத ஒரு ரூபாயைத் தேடுவது கஷ்டம். நீ அறியாததா?

ஒரு கூண்டைப் பார்த்தவுடன் அது எவ்வளவு உதவும் என்று எடைபோடப் பழகிக்கொள். 9-க்கு 9 புதிரில் இரண்டு கட்டக் கூண்டு ஒன்றில் 'கழித்தல் 1' என்று இருந்தால் எட்டு ஜோடிகள் பொருந்தும். 'கழித்தல் 8' என்று இருந்தால் 1, 9 ஒன்றுதான். 12-க்கு 12 புதிரிலும் இதே கதைதான். 'கழித்தல் 1' பதினொரு ஜோடி, 'கழித்தல் 11' ஒரே ஜோடி. கூட்டலில் ஓரத்து எண்கள் நல்லவை, நடு எண்கள் பொல்லாதவை. ஒரே வரிசையில் மூன்று கட்டம் சேர்ந்து 6 என்றால் 1, 2, 3 மட்டுமே. 9-க்கு 9 புதிரில் அதே மூன்று கட்டம் 15 என்றால் எட்டு வழிகள். (இந்த எட்டும், எந்தக் கோட்டைக் கூட்டினாலும் 15 வரும் 3-க்கு 3 மாயச் சதுரத்தின் எட்டுக் கோடுகள் என்பதைப் போன மாதம்தான் கவனித்தேன். லட்சுமியிடம் சொன்னேன், "அப்படியா" என்றாள்.)

பெருக்கலில் பெரிய எண்ணைக் கண்டு நீ பயப்படுகிறாய். பெரிய எண்தான் நமக்குச் சிநேகிதன். 9-க்கு 9 புதிரில் 'ட' மாதிரி வளைந்த மூன்று கட்டக் கூண்டு, பெருக்கல் 196 என்று வைத்துக்கொள். 196 என்பது 7 × 7 × 4. இரண்டு 7 ஒரே வரிசையில் வரக்கூடாது, அதனால் அவை இரண்டு முனைகளுக்கும் போக வேண்டும். மூலையில் 4. ஒரு மூச்சில் மூன்று கட்டம் முடிந்தது. அது மட்டுமில்லை, அந்த இரண்டு கிடைவரிசைகளுக்கும் இரண்டு நெடுவரிசைகளுக்கும் 7 தீர்ந்துவிட்டது. 9 வரை உள்ள எண்களில் 5-ஆல் வகுபடுவது 5 மட்டும், 7-ஆல் வகுபடுவது 7 மட்டும். 12 வரை போனால் 7-உம் 11-உம் அப்படித் தனி ஆட்கள், 5-க்கு மட்டும் 10 கூட்டாளியாக வந்துவிடுகிறது. அதனால் பெரிய புதிரைக் கையில் எடுத்ததும் நான் முதலில் பெருக்கல் கூண்டுகளில் 7-உம் 11-உம் எங்கே என்று தேடி வட்டம் போட்டுவிடுவேன். பாதி நாள் அதிலேயே வாசல் திறந்துவிடும்.

'வாசல்' என்று சொன்னேன் அல்லவா, என் நோட்டில் எழுதி வைப்பது இதைத்தான். எந்த நேரத்திலும் அடுத்த அடி வைக்க எத்தனை இடம் திறந்திருக்கிறது? ஐந்தாறு இடம் திறந்திருந்தால் கண் எங்கே விழுந்தாலும் வேலை நடக்கும், அது 12-க்கு 12 ஆனாலும் சுகமான பயணம். ஒரே ஒரு வாசல்தான், அதுவும் யாரும் பார்க்காத மூலையில் இருக்கிறது என்றால் 6-க்கு 6 புதிர்கூட ஒரு மத்தியானத்தைத் தின்றுவிடும். போன மாதம் குறி அச்சடிக்காத 6-க்கு 6 ஒன்று போட்டேன். அந்த வகையைப் பார்த்திருக்கிறாயா? எண் இருக்கும், கூட்டலா கழித்தலா என்று இருக்காது. 9-க்கு 9 புதிரில் அப்படி இரண்டு கட்டத்துக்கு '3' என்று மட்டும் இருந்தால் பத்து ஜோடிகள் பொருந்தும், எண்ணிப் பார். என் நோட்டில் அந்த 6-க்கு 6 புதிருக்கு நாலு புள்ளி. திகைத்து நின்ற இடத்துக்கெல்லாம் ஒரு புள்ளி வைப்பது என் வழக்கம். அதன் தலையில் அச்சடித்திருந்ததோ ஒரே நட்சத்திரம்! யார் வைக்கிறார்களோ தெரியவில்லை, கட்டத்தை எண்ணி நட்சத்திரம் கொடுப்பார்கள் போலும்.

கம்ப்யூட்டரிடம் கொடுத்துத் தரம் பிரிக்கச் சொல்லலாமே என்பான் என் பேரன். அது ஒரு எண்ணைப் போட்டுப் பார்க்கும், உதைத்தால் திரும்பி வந்து வேறொன்றைப் போடும். எத்தனை முறை திரும்பியது என்ற கணக்கை வைத்து என் கஷ்டத்தை அளக்க முடியாது. அதற்கு அலுப்பு கிடையாது, எனக்கு உண்டு. சுடோகுவுக்குப் பழகியவர்களுக்கு இதில் இன்னொரு ஏமாற்றம். அங்கே 3-க்கு 3 பெட்டி என்ற மூன்றாவது காவல்காரன் உண்டு, இங்கே கிடைவரிசை, நெடுவரிசை இரண்டே பேர். பெட்டி விதியோடு 9-க்கு 9 சதுரத்தை நிரப்பும் வழிகள் 22 இலக்க எண். பெட்டி இல்லாவிட்டால் 28 இலக்கம். அந்தத் தளர்ச்சியை எல்லாம் கூண்டுக் கணக்குத்தான் இழுத்துக் கட்ட வேண்டும்.

இந்தப் புதிரை 2004-இல் உருவாக்கிய தெட்சுயா மியாமோட்டோ ஜப்பானியக் கணக்கு வாத்தியார். வகுப்பில் பாடம் நடத்தாமல், பிள்ளைகள் கையில் புதிரைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பாராம். கற்பிக்காமல் கற்பிப்பது என்பது அவர் கொள்கை. 'கென்கென்' என்ற பேரில் 2008-இல் லண்டன் டைம்ஸும் அடுத்த வருஷம் நியூயார்க் டைம்ஸும் போட ஆரம்பித்தன. அந்தப் பேர் வணிகப் பேர் என்பதால் மற்றவர்கள் கால்குடோகு, மாத்டோகு என்றெல்லாம் போடுகிறார்கள். நமக்கு எந்தப் பேரானால் என்ன?

இப்போது நான் சொல்லப் போவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த வித்தை. 9-க்கு 9 புதிரில் எந்த வரிசையைக் கூட்டினாலும் 45. எட்டுக் கட்டம் அந்த வரிசைக்குள்ளேயே அடங்கிய கூண்டுகளாக இருந்து, ஒன்று மட்டும் கீழ்க்கூண்டில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வை. எட்டும் கூட்டல் கூண்டானால் 45-இலிருந்து கழித்தால் ஒன்பதாவது வந்துவிடும், அது உனக்கே தெரியும். கழித்தல் கூண்டு நடுவில் வந்தால் நீ கையை விரித்துவிடுகிறாய். விரிக்காதே. இரண்டு எண்ணின் வித்தியாசம் ஒற்றைப்படை என்றால் அவற்றின் கூட்டலும் ஒற்றைப்படைதான். கூட்டல் எவ்வளவு என்று தெரியாவிட்டாலும் ஒற்றையா இரட்டையா என்று தெரிகிறதே!

போன வாரம் எனக்கு வந்த வரிசை இது: கூட்டல் 17, கூட்டல் 13, கழித்தல் 3, கழித்தல் 2, எல்லாம் இரண்டிரண்டு கட்டம். மிச்சம் ஒரு கட்டம், அது கீழே உள்ள கட்டத்தோடு சேர்ந்து வகுத்தல் 3. ஒற்றை, ஒற்றை, ஒற்றை, இரட்டை சேர்ந்தால் ஒற்றை. மொத்தம் 45-உம் ஒற்றை. ஆகவே மிச்சக் கட்டம் இரட்டை. வகுத்தல் 3 என்றால் 1-3, 2-6, 3-9. இதில் இரட்டைப்படை 2-உம் 6-உம்தான். 17-க்கு 8, 9 போய்விட்டதால் 13-க்கு 6, 7 மட்டுமே மிஞ்சுகிறது. 6 அங்கே செலவாகிவிட்டது, எனவே மிச்சக் கட்டம் 2, அதன் கீழே 6. பிறகு கழித்தல் 3 என்பது 1, 4. கழித்தல் 2 என்பது 3, 5. ஒரு ஜோடியைக்கூடப் போட்டு அழிக்கவில்லை. காப்பி ஆறவில்லை.

வகுத்தலில் கவனம் வேண்டும். வகுத்தல் 2 என்றால் ஒற்றையும் வரும் இரட்டையும் வரும், நம்பக்கூடாது. வகுத்தல் 3, 5, 7 என்று ஒற்றைப்படை ஈவானால் அந்த இரண்டு எண்ணின் கூட்டல் எப்போதும் இரட்டை. ஏன் என்று உட்கார்ந்து யோசி, நான் சொல்ல மாட்டேன், மியாமோட்டோ வழி.

எல்லா வாசலும் அடைத்துவிட்டால் ஊகித்துப் போடலாமா என்று கேட்டிருந்தாய். ஒரே வரிசைக்குள் மனசிலேயே ஓட்டிப் பார்த்து "இது வராது" என்று தள்ளுவதை நான் ஊகம் என்று சொல்ல மாட்டேன். கலர் பென்சிலை எடுத்து அரைப் பக்கம் நிரப்பி, பிறகு உதைத்தது என்று அழிப்பதுதான் ஊகம். வேறு வழியில்லாமல் செய்தாலும், இரண்டே எண் பொருந்தும் கட்டத்தில், நிறையக் கூண்டுகள் சந்திக்கும் இடத்தில் செய். மூலையில் ஆரம்பித்தால் மூலையிலேயே முடிந்துவிடும்.

இனி உன் புதிர். கோபப்படாதே. கடைசி வரிசையைப் பார். ஆறு கூண்டுகள், பன்னிரண்டு கட்டமும் வரிசைக்குள்ளேயே அடங்கிவிட்டன: கூட்டல் 13, கழித்தல் 5, வகுத்தல் 3, கூட்டல் 21, கழித்தல் 2, கழித்தல் 4. 1-இலிருந்து 12 வரை கூட்டினால் 78, இரட்டைப்படை. உன் கூண்டுகளோ ஒற்றை, ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை, இரட்டை. மூன்று ஒற்றை சேர்ந்தால் ஒற்றை. பத்து நாளில்லை, பத்து வருஷம் உட்கார்ந்தாலும் அந்த வரிசை நிரம்பாது. நீ எதையோ தப்பாகப் பார்த்து எழுதியிருக்கிறாய்.

எதை என்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். அந்தக் 'கழித்தல் 5', 'கழித்தல் 6' ஆக இருக்க வேண்டும். 6 போட்டுப் பார்த்தேன், அழகாக உட்காருகிறது: 6-7, 2-8, 4-12, 10-11, 1-3, 5-9. வேறு விடையும் இருக்கலாம், மேலே உள்ள வரிசைகள்தான் முடிவு சொல்ல வேண்டும். மூலத்தாளை எடுத்துச் சரி பார்.

அந்த அரையாண்டு குளோசிங் நினைவிருக்கிறதா? 100 ரூபாய் இடித்தது. வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கும், இரட்டைப்படையானால் பாதித் தொகையைத் தேடு, பற்றில் எழுத வேண்டியது வரவில் ஏறியிருக்கும் என்று தலைமைக் கணக்கர் சொல்லச் சொல்ல, 50 ரூபாய்க்காக இரவு பதினொன்றரை வரை பேரேட்டைப் புரட்டினோம். கடைசியில் பார்த்தால், நீ எழுதிய 1,600-ஐ நான் 1,500 என்று வாசித்து ஏற்றியிருந்தேன். அன்றைக்கு என் கண்ணில்தான் கோளாறு என்று எல்லாரிடமும் சொன்னாய். நான் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை.

லட்சுமி எழுந்துவிட்டாள், சொட்டு மருந்து விட வேண்டும். தை மாதம் இந்தப் பக்கம் வருவாய் அல்லவா, அப்போது மூலத்தாளையும் கொண்டு வா.

அன்புடன்,
நெல்லையப்பன்

பின்குறிப்பு: மேலே இருந்து நான்காவது வரிசையில் பெருக்கல் 77 என்று ஒரு கூண்டு இருக்கிறது, இரண்டே கட்டம். அதைக்கூட நீ நிரப்பாமல் வைத்திருந்தாயே, ஏன்?