மலைநடைக்கு ஏற்றது சிறிய குக்ரியே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நேபாள மலைகளில் நடைபயணம் செல்வோர் எடுத்துச் செல்ல வேண்டிய பொருள்கள் குறித்துத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். காலணி, கம்பளி உடை, மருந்துகள் ஆகியவற்றைப் பற்றிக் கட்டுரையாளர் கூறியவை பயனுள்ளவை. ஆனால், காத்மாண்டுவில் இறங்கியதும் கூர்க்கா வீரர்கள் வைத்திருப்பதைப் போன்ற பெரிய குக்ரி (நேபாள மலைமக்களின் வளைந்த கத்தி) ஒன்றை வாங்கி இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற அவருடைய அறிவுரையை என்னால் ஏற்க முடியவில்லை. இராணுவத்தில் எழுத்தராக இருந்த காலத்தில் காலிம்பொங்கில் நான்கு ஆண்டுகள் தங்கியிருந்தேன். ஓய்வு பெற்ற பின் லாங்டாங் பள்ளத்தாக்கிலும் கிழக்கு நேபாளத்தின் நடுமலைகளிலும் பலமுறை நடந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தைக் கொண்டு சொல்கிறேன்: மலையில் நடப்பவருக்கு ஏற்றது 6 அல்லது 7 அங்குல அலகுள்ள சிறிய குக்ரியே.

பெரியதை வாங்கும் ஆசை எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். 1814 முதல் 1816 வரை நேபாளத்துடன் நடந்த போரில் அந்தக் கத்தியை எதிர்கொண்ட ஆங்கிலேயர்கள், பின்னர் கூர்க்காக்களைத் தம் படையில் சேர்த்தபோது கத்தியும் உடன் வந்தது. அன்று முதல் உலகம் அதைப் போர்க்கருவியாகவே பார்த்து வருகிறது. நான் வசிக்கும் குன்னூரிலும் அப்படித்தான். எட்டாம் கூர்க்கா ரைபிள்ஸ் படைப்பிரிவோடு நெடுங்காலத் தொடர்பு கொண்டிருந்த பீல்டு மார்ஷல் மானெக்‌ஷா வாழ்ந்த ஊர் இது. குக்ரி என்றாலே இங்குள்ளவர்களுக்குப் படைவீரரின் நினைவுதான் வரும். உறையிலிருந்து எடுத்தால் இரத்தம் காணாமல் உள்ளே வைக்கக் கூடாது என்ற கதையையும் பலர் இன்னும் நம்புகிறார்கள். அது வெறும் கதை. நேபாள மலைக் குடும்பங்களில் குக்ரி விறகு பிளக்கவும், மூங்கில் சீவவும், இறைச்சி நறுக்கவும் அன்றாடம் பலமுறை உறையிலிருந்து வெளிவந்து உள்ளே போகிறது. நம் கிராமத்து வீடுகளில் அரிவாளுக்கு உள்ள இடம்தான் அங்கே குக்ரிக்கு.

முதல் பயணத்தில் நானும் அந்த ஆசைக்கு ஆட்பட்டேன். காத்மாண்டுவின் தமேல் பகுதியில் ஒரு கடையில், 12 அங்குல அலகும், எருமைக் கொம்பில் செய்த பிடியும், எருமைத்தோல் போர்த்திய மர உறையும் கொண்ட குக்ரி ஒன்றை வாங்கினேன். உறையோடு சேர்த்து ஏறக்குறைய ஒரு கிலோ எடை. ஸ்யாப்ருபேசியிலிருந்து லாங்டாங் நோக்கி ஏறத் தொடங்கிய முதல் மணி நேரத்திலேயே அதன் தொல்லை புரிந்துவிட்டது. கல்படிகளில் காலைத் தூக்கி வைக்கும் ஒவ்வொரு முறையும் உறை தொடையில் இடித்தது. முதுகுப்பையின் இடுப்புப் பட்டைக்கும் அதற்கும் இடையே ஓயாத இழுபறி. மாலைக்குள் அதைக் கழற்றிப் பையின் அடியில் போட்டுவிட்டேன். அதன் பிறகு அந்தப் பயணம் முடியும் வரை ஒருமுறைகூட அது வெளியே வரவில்லை, ஏனெனில் கத்தி தேவைப்பட்ட நேரமெல்லாம் பையைக் கவிழ்க்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

எங்கள் சுமையைத் தூக்கி வந்த இளைஞரிடம் என் முழங்கை அளவுகூட இல்லாத, கைப்பட்டுப் பட்டு மெருகேறிய மரப்பிடி போட்ட சிறிய குக்ரி ஒன்று இருந்தது. அறுந்த கயிற்றின் முனையை வெட்டிச் சீராக்குவது, உருளைக்கிழங்கின் தோலைச் சீவுவது, இஞ்சி நறுக்குவது, அடுப்புப் பற்றவைக்கச் சுள்ளியை மெல்லிய சிராய்களாகச் சீவுவது, ஊன்றுகோலின் நுனியைக் கூராக்குவது என்று எல்லாவற்றையும் அவர் அதைக்கொண்டே முடித்தார். கல்லைப் போல இறுகிய சுர்பி பாலாடைக் கட்டியைக்கூடக் கத்தியின் வயிற்றுப் பகுதியை வைத்து அழுத்தி உடைத்துத் தந்தார். என் பெரிய கத்தியைக் காட்டியபோது, "அது வீட்டில் விறகு பிளக்க நல்லது, தாஜு" என்றார். அண்ணன் என்று பொருள்படும் அந்தச் சொல்லில் இருந்த மரியாதைக்குக் குறைவில்லை; ஆனால் அவர் சொன்னதன் பொருள் தெளிவாக இருந்தது.

இதற்கான காரணம் கத்தியின் வடிவத்திலேயே இருக்கிறது. குக்ரியின் அலகு நடுவில் கீழ்நோக்கி வளைந்து, முனையை நெருங்கும்போது அகன்று, எடையை முன்பக்கம் கொண்டுபோகிறது. ஓங்கி வெட்டும்போது அந்த முன்பாரமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. பெரிய குக்ரியில் இந்தப் பயன் முழுமையாகக் கிடைக்கும். மணிக்கட்டுத் தடிமனுள்ள மரக்கிளையை இரண்டு மூன்று வீச்சில் துண்டாக்கலாம். அதே முன்பாரம் ஒரு வெங்காயத்தை நறுக்கும்போது மணிக்கட்டுக்கு எதிரியாகிறது. சிறிய குக்ரியில் முன்பாரம் குறைவு, ஆனால் இல்லாமல் போய்விடுவதில்லை. கட்டைவிரல் பருமனுள்ள சுள்ளியை ஒரே வெட்டில் துண்டிக்கும். அதைவிடப் பருத்த காய்ந்த கட்டையானால், அலகை அதன் தலையில் பதித்து, கத்தியின் முதுகில் இன்னொரு கட்டையால் தட்டினால் பிளந்துவிடும். களைத்துப்போன கையால், குளிரில் மரத்துப்போன விரல்களால், அரையிருட்டில் வேலை செய்ய வேண்டியிருக்கும் மலை மாலைகளில், ஓங்கி வீசுவதைவிடத் தட்டிப் பிளப்பதே காலுக்கும் கைக்கும் பாதுகாப்பு. அருகில் மருத்துவமனை இல்லாத இடத்தில் இதைவிடப் பெரிய தகுதி ஒரு கத்திக்கு வேறு இருக்க முடியாது என்று நினைக்கிறேன். 5 அங்குலத்துக்குக் கீழே போனால் வளைவு வெறும் அலங்காரமாகிவிடும். அந்த அளவுக்குச் சாதாரண நேர்கத்தியே மேல்.

பெரிய குக்ரியின் உறைக்குப் பின்னால் கர்தா என்ற சிறு கத்தியும், சக்மக் என்ற மழுங்கிய இரும்பும் செருகப்பட்டிருக்குமே, சிறு வேலைகளுக்குக் கர்தா போதாதா என்று கட்டுரையாளர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நல்ல கொல்லர் அடித்த கர்தா உண்மையிலேயே பயனுள்ளது. ஆனால் பயணிகளுக்கென விற்கப்படும் கத்திகளோடு நான் பார்த்த கர்தாக்களில் பெரும்பாலானவை சரியாகத் துவைச்சல் (பழுக்கக் காய்ச்சி, நீரால் குளிர்வித்துக் கடினமாக்குவது) ஏறாத மெல்லிரும்பு. இரண்டு கேரட் நறுக்குவதற்குள் மழுங்கிவிடும். அதன் பிடியும் உள்ளங்கையில் நிற்காத அளவுக்குக் குட்டையானது. சக்மக்கை மட்டும் நான் மதிக்கிறேன். அது அலகின் மடங்கிய கூர்விளிம்பை நிமிர்த்த உதவும். சிக்கிமுக்கிக் கல்லோடு உரசினால் தீப்பொறியும் தரும்.

மரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இது என் மனத்தை அதிகம் வருத்தும் விஷயம். லாங்டாங் 1976 முதல் தேசியப் பூங்கா. அங்கே நடைபயணிகள் பச்சை மரத்தை வெட்ட அனுமதி கிடையாது. எவரெஸ்ட் அமைந்துள்ள சாகர்மாதா தேசியப் பூங்காவிலோ பயணக்குழுக்கள் தங்கள் சமையலுக்கு எரிவாயுவோ மண்ணெண்ணெயோ கொண்டுபோக வேண்டுமே தவிர, காட்டு விறகைத் தொடக் கூடாது. அந்த உயரங்களில் ஒரு ஜூனிபர் புதர் இடுப்பளவு வளர்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். கிளை வெட்டும் கத்தி இடுப்பில் இருந்தால் கை சும்மா இருக்காது. தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் காரணமே இல்லாமல் கொத்தப்பட்ட மரங்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சிறிய குக்ரியை வைத்திருப்பவர் கீழே விழுந்து காய்ந்த சுள்ளியைப் பொறுக்குவார், அவ்வளவே.

இந்தியாவுக்குள் வரும்போது சட்டத்தையும் கவனிக்க வேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகள், கூர்முனை ஆயுதங்களின் பட்டியலில் குக்ரியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. வீட்டு வேலைக்கோ வேளாண்மைக்கோ செய்யப்படாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் அந்தப் பட்டியலில் அடங்கும். கட்டுரையாளர் பரிந்துரைத்த அளவு அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது; நான் சொல்லும் அளவு அதற்கு உட்பட்டது. ஆனால் சிறியது என்பதால் எங்கும் கொண்டுபோகலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, எழுத்துமூல முன் அனுமதியின்றிச் சரணாலயங்களுக்குள்ளும் தேசியப் பூங்காக்களுக்குள்ளும் ஆயுதத்தோடு நுழைய முடியாது. அந்தச் சட்டத்தில் கத்தியும் ஆயுதமே. டார்ஜிலிங்கை ஒட்டிய சிங்கலீலா தேசியப் பூங்காவில் நடக்கப் போனபோது என் கத்தியை மானேபஞ்சனில் தங்கிய வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போனேன். விமானத்திலும் கைப்பையில் வைக்கக் கூடாது. சரக்கோடு அனுப்பும் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. முதலில் முதுகின் தடிமன். பெரிய குக்ரியின் அச்சிலேயே நீளத்தை மட்டும் குறைத்து அடிக்கப்பட்ட சிறியவை கடைகளில் நிறைய இருக்கின்றன; அவற்றின் முதுகு 8 மில்லிமீட்டருக்கு மேல் தடித்து, காய்கறியில் இறங்காமல் அதை உடைக்கும். 5 அல்லது 6 மில்லிமீட்டர் போதும். அடுத்து, இரும்பு. லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்யும் கொல்லர்கள், பழுக்கக் காய்ச்சிய அலகின் கூர்ப்பக்கத்தில் மட்டும் கெண்டியிலிருந்து தண்ணீரை ஊற்றித் துவைச்சல் கொடுப்பார்கள். இதனால் கூர் கடினமாகவும் முதுகு முறியாத மென்மையோடும் அமைகிறது. போஜ்பூர், தரான் போன்ற கிழக்கு நேபாள ஊர்களின் பட்டறைகள் இதில் பெயர் பெற்றவை. கண்ணாடி போலப் பளபளக்கும் அலகைவிட, அரத்தின் தடம் தெரியும் அலகையே நான் நம்புவேன். மூன்றாவதாகப் பிடி. நம் ஊர்க் கொல்லர்கள் அரக்கு உருக்கி ஊற்றிப் பிடியை இறுக்குவதைப் போலவே அங்கும் ஒருவகைப் பிசினால் இறுக்குகிறார்கள். அலகின் வால் பிடியின் மறுமுனை வரை ஊடுருவி, அங்கே அடித்து மடக்கப்பட்டிருந்தால் நல்லது. பிசின் சூட்டில் இளகும் என்பதை அறியாமல் ஒரு குளிர்கால இரவில் என் சிறிய குக்ரியை அடுப்புக்கு அருகே வைத்துவிட்டு, காலையில் பிடி கழன்று ஆடியதைக் கண்டு வருந்தினேன்.

பராமரிப்பிலும் சிறியதே எளிது. வளைந்த அலகைத் தட்டையான சாணைக்கல்லில் தேய்க்க முடியாது. கத்தியை அசையாமல் பிடித்துக்கொண்டு சிறிய கல்லை அதன் மேல் நகர்த்த வேண்டும். 7 அங்குல அலகுக்கு அது பத்து நிமிட வேலை. துருப்பிடிக்கும் இரும்பு என்பதால் துடைத்துவிட்டுக் கடுகெண்ணெய் தடவி வைத்தால் போதும். மழைக்காலத்தில் உறையின் தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரவில் கத்தியை வெளியே எடுத்து வைப்பது நல்லது.

பெரிய குக்ரிக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரே இடத்தில் பல நாள் தங்கி, அனுமதி பெற்ற இடத்தில் விறகு சேர்த்துச் சமைக்கும் முகாமுக்கு அது தகுந்த கருவி. நாள்தோறும் ஆறு ஏழு மணி நேரம் தன் சுமையைத் தானே தூக்கி நடப்பவருக்கு அது தேவையில்லை.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கட்டுரையோடு வெளியான படத்தில், இளைஞர் ஒருவர் உறையை நான்கு விரல்களாலும் முழுமையாகச் சுற்றிப் பிடித்துக்கொண்டு குக்ரியை உருவுகிறார். இரண்டு மரத்தகடுகளை இணைத்துச் செய்த உறையின் மூட்டு கத்தியின் கூர்ப்பக்கத்தில் இருக்கிறது; வேகமாக உருவும்போது கூர் அந்த மூட்டைப் பிளந்துகொண்டு வெளிவந்து விரல்களை வெட்டிவிடும். உறையைக் கத்தியின் முதுகுப் பக்கமாகப் பிடித்து, விரல் எதுவும் கூர்ப்பக்கம் போகாதபடி வைத்து, முதுகை உறையோடு அழுத்தியபடி மெதுவாக உருவ வேண்டும். கத்தி பெரியதானாலும் சிறியதானாலும் இதுவே முறை. அடுத்த ஞாயிறு இணைப்பில் இந்தத் திருத்தத்தை, இயன்றால் சரியான படத்தோடு, வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
குன்னூர்