புதிய வடிவமைப்பு குறித்துச் சந்தாதாரர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். சென்ற இதழ் உங்கள் கைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து எங்களுக்கு வரும் கடிதங்களையும் தொலைபேசி அழைப்புகளையும் பார்த்தால், அந்த இதழோடு சேர்த்தே அனுப்பியிருக்க வேண்டிய விளக்கத்தைக் காலம் கடந்து இப்போது எழுதுகிறோம் என்பது தெளிவாகிறது. அட்டையின் நிறத்தைச் சொன்னாலே அது எந்த ஆண்டின் எந்த மாத இதழ் என்று சொல்லிவிடக்கூடிய உங்களிடம், முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல் இந்த இசை இதழின் முகத்தையே மாற்றியது எங்கள் தவறுதான்.

நடந்தது இதுதான். பதினோரு ஆண்டுகளாக இந்த இதழின் ஒவ்வொரு பக்கத்தையும் வடிவமைத்தவர் இவ்வாண்டின் தொடக்கத்தில் எங்களிடமிருந்து விடைபெற்றார். மனக்கசப்பு எதுவும் இல்லை; இதைவிடப் பெரிய வேலை கிடைத்தது, வாழ்த்தி அனுப்பினோம். ஆனால் பேட்டியின் தலைப்பு எத்தனை பாயின்ட், விமர்சனப் பெட்டிக்கு எந்தச் சாயல் மஞ்சள், பாடகரின் படம் எந்தப் பக்கம் பார்த்திருந்தால் எந்தப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் மனத்தில் மட்டுமே இருந்தன. தாளில் ஒரு வரிகூட இல்லை. புதிதாக வந்திருப்பவரிடம் பழையவரின் கையைப் பார்த்து எழுதச் சொல்வதைவிட, அவருடைய கையாலேயே எழுதச் சொல்வது நேர்மையானது என்று முடிவு செய்தோம். இதே வேளையில் ஆர்ட் பேப்பரின் விலையும் அச்சுக் கூலியும் ஏறியதால், நான்கு பாரமாக, அதாவது 64 பக்கமாக, வந்துகொண்டிருந்த இதழ் இப்போது மூன்று பாரமாக, 48 பக்கமாக, வருகிறது. சந்தாத் தொகை உயர்த்தப்படவில்லை என்பதை இந்த இடத்தில் நினைவுபடுத்த விரும்புகிறோம்.

இனி, எங்களை உண்மையிலேயே வருத்திய குற்றச்சாட்டுக்கு வருகிறோம். 22, 23ஆம் பக்கங்களை விரித்து வைத்து, எழுத்தில்லாத இடத்தின் மேல் ஓர் அளவுகோலைக் கிடத்தி, ‘வெறுந்தாளுக்கா சந்தா கட்டினோம்?’ என்ற கேள்வியோடு யாரோ எடுத்த படம் ஒன்று கைப்பேசிக்குக் கைப்பேசி சுற்றி வருகிறது. எங்களுக்கே அது ஏழு பேரிடமிருந்து வந்தது. அந்தப் படத்தில் 24, 25ஆம் பக்கங்கள் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். 22ஆம் பக்கத்தில் தொடங்கும் டிரம்ஸ் கலைஞரின் பேட்டி நான்கு பக்கங்களுக்கு ஓடுகிறது. பின்னிரண்டு பக்கங்களில் விரல் வைக்க இடமில்லாமல் எழுத்துதான் இருக்கிறது.

இடப்பக்கமான 22 முழுவதும் அந்த டிரம்ஸ் கலைஞரின் படம். அவர் உயர்த்தியிருக்கும் குச்சிகள் இரண்டும் வலப்பக்கத்து மேல்மூலையை நோக்கி நிற்கின்றன. பார்ப்பவரின் கண் அந்தக் குச்சிகளைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி, வெற்றிடத்தில் சற்றுத் தாமதித்து, கீழே இறங்கும்போது தலைப்பைச் சந்திக்க வேண்டும் என்பதற்காகவே தலைப்பு பக்கத்தின் பாதிக்குக் கீழே வைக்கப்பட்டது. அந்த மேல்பாதியில் நான்கு வரியை நுழைத்திருந்தால் குச்சிகள் எழுத்தில் போய் முட்டியிருக்கும்; தலைப்பு இருப்பதே தெரிந்திருக்காது. இசையில் மௌனமும் ஒரு பகுதி என்று எங்கள் வடிவமைப்பாளர் ஒரு சமாதானம் சொன்னார். அதை உங்களிடம் சொல்லி ஒப்பேற்ற எனக்கு மனம் வரவில்லை.

ஏனென்றால், மற்றப் பக்கங்களில் வெள்ளை கூடியதற்குக் காரணம் மிகச் சாதாரணமானது. இதுவரை நாம் ஒரு பக்கத்தை நெடுக்குவாட்டில் மூன்று பத்தியாகப் பிரித்து, இரு ஓரமும் நேராக நிற்கும்படி வரிகளை இழுத்துக் கட்டிவந்தோம். ஆங்கில இதழ்களைப் பார்த்துப் பழகிய முறை அது. தமிழில் ‘வாசித்துக்கொண்டிருந்தபோதிலும்’ என்று ஒரு சொல் வந்தால் ஐந்து சென்டிமீட்டர் பத்தியில் அந்த ஒரு சொல்லே வரியை அடைத்துக்கொள்ளும். அதற்கு முந்தைய வரியில் எஞ்சிய இரண்டு சொற்கள் ஆளுக்கொரு கரையில் நிற்கும். அப்படி நான்கைந்து வரி சேர்ந்தால் பத்தியின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு ஓடும். பழைய இதழ் ஒன்றைக் கைநீட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள், தெரியும். ஆக, வெற்றிடம் அப்போதும் இருந்தது. சொற்களுக்கு நடுவே சிதறிக் கிடந்ததால் அளவுகோலுக்கு அகப்படவில்லை. இப்போது இரண்டு பத்தியாக்கி, இடது ஓரம் மட்டும் நேராகவும் வலது ஓரத்தைச் சொல் முடியும் இடத்தில் விட்டும் அமைத்திருக்கிறோம். எழுத்தை ஒன்பது பாயின்டிலிருந்து பத்தரைக்கு உயர்த்தியிருக்கிறோம். எழுத்து பொடியாக இருக்கிறது என்று உங்களில் பலர் ஆண்டுதோறும் எழுதியது எங்கள் கோப்பில் இருக்கிறது. மேல்வரியின் ‘கு’, ‘ழு’ கீழே இறங்கும், கீழ்வரியின் ‘லி’, ‘ளீ’ மேலே ஏறும். அவை மோதாமல் இருக்க வரிக்கும் வரிக்கும் இடைவெளி கூட்டியே ஆகவேண்டும். 48 பக்க இதழில் இதைச் செய்வது எளிதன்று என்பதையும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

அட்டைப் படத்தில் பாடகியின் தலை இதழின் பெயரை மறைப்பதாக வந்த குறை வேறு வகை. கடையில் இதழ்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது மேல்விளிம்பும் இடவிளிம்பும் மட்டுமே வெளியே தெரியும்; ஆகவேதான் பெயரின் முதலெழுத்தும் முக்கியமான தலைப்புகளும் இடப்பக்கத்தில் நிற்கின்றன. அட்டையில் இருப்பவரின் கண் வாங்குபவரின் கண்ணைப் பார்க்க வேண்டும் என்பதும், பெயர் நன்கு பழகிவிட்ட இதழில் தலை அதன்மேல் படியலாம் என்பதும் உலகமெங்கும் இதழ்க்காரர்கள் பின்பற்றும் வழக்கம். ஆனால் பெயர் பழகிவிட்டது என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம் போலிருக்கிறது. நம் இதழைக் கேட்டு வந்தவரிடம், அதைக் கண்ணெதிரே தொங்கவிட்டுக்கொண்டே, ‘இன்னும் வரவில்லை’ என்று சொல்லி அனுப்பிய கடைக்காரரும் உண்டு.

இசை இதழ்கள் உருமாறுவது புதிதன்று. 1967இல் செய்தித்தாள் போல மடித்து விற்கப்பட்ட ரோலிங் ஸ்டோன், தன் அடையாளமாகவே ஆகிவிட்ட பெரிய அளவை 2008இல் கைவிட்டு, மற்ற இதழ்களின் அளவுக்குச் சுருங்கியது. 1978இல் தொடங்கிய ஸ்மாஷ் ஹிட்ஸ், பாடல் வரிகளையே வண்ணப் பக்கங்களாக்கி இளைஞர்களைப் பிடித்தது. 1994இல் ரே கன் இதழின் வடிவமைப்பாளர் டேவிட் கார்சன், பாடகர் பிரையன் ஃபெர்ரியின் பேட்டி சுவையாக இல்லை என்று கருதி, அதை முழுவதும் குறியீடுகள் மட்டுமே கொண்ட ஸாப்ஃப் டிங்பேட்ஸ் எழுத்துருவில் கோத்தார். ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியாது.

அவர் வேண்டுமென்றே செய்ததை நாங்கள் 31ஆம் பக்கத்தில் வேண்டாமலே செய்துவிட்டோம். அடர்சிவப்புப் படத்தின்மேல் வெள்ளை எழுத்து கணினித் திரையில் அழகாகத்தான் இருந்தது. அச்சில் நான்கு வண்ணமும் ஓர் இழை விலகியதும் மெல்லிய கோடுகளுக்குள் மை புகுந்துவிட்டது. முதலில் போனவை மெய்யெழுத்தின் புள்ளிகள். ‘பாடல்’ எல்லாம் ‘பாடல’ ஆகி, ‘தாளம்’ எல்லாம் ‘தாளம’ ஆகி நின்றதைப் பார்த்தபோது எங்களுக்கே சங்கடமாக இருந்தது. இதற்கு விளக்கம் இல்லை, மன்னிப்பு மட்டுமே உண்டு. இனிப் படத்தின்மேல் வெள்ளை எழுத்து வந்தால் தடித்த எழுத்தில், தலைப்பு அளவில் மட்டுமே வரும்.

அட்டையில் பெயர் அடுத்த மூன்று இதழ்களுக்காவது முழுதாகத் தெரியும். பொருளடக்கம் பழையபடி மூன்றாம் பக்கத்துக்குத் திரும்புகிறது. இரண்டு பத்தி முறையும் வலது ஓரத்து ஒழுங்கின்மையும் தொடரும். இன்னும் இரண்டு இதழ் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இத்தனைக்கும் நடுவே, குறை சொன்னவர்களில் ஒருவர்கூடச் சந்தாவை நிறுத்தும்படி எழுதவில்லை. முதல் இதழிலிருந்து நடுப்பக்கப் படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு வாசகர், கடந்த ஆண்டுகளில் எத்தனை கலைஞர்களின் மூக்கில் நாங்கள் ஸ்டேப்ளர் பின் அடித்திருக்கிறோம் என்று இதழ் வாரியாகப் பென்சிலில் குறித்து அனுப்பியிருந்தார். மொத்தம் ஒன்பது மூக்கு. அவரைப் போன்றவர்கள் படிக்கும் இதழை நடத்துவது எங்களுக்குக் கிடைத்த பேறு. உங்கள் அனைவருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. நடுப்பக்கத்தில் இனி முகம் மடிப்பிலிருந்து விலகியே இருக்கும்.

31ஆம் பக்கத்துக் கட்டுரை வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தில் தனியாக அச்சிடப்பட்டு, அடுத்த இதழின் நடுவே மடித்து வைக்கப்பட்டிருக்கும். இதழைப் பிரிக்கும்போது அது நழுவிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டுகிறோம்.

அன்புடன்,
பதிப்பாளர்