புக்கிட் தீமாவில் கைகொடுத்த அண்ணனுக்கு

போன ஞாயிறு காலை சிங்கப்பூர் புக்கிட் தீமா குன்றில் தலைக்குச் சிவப்புத் துண்டு கட்டியிருந்த அண்ணே, பேர் கேட்க மறந்துவிட்டேன். ரொம்ப நன்றி.

கோவை வெள்ளியங்கிரி ஏழு மலை ஏறுவதற்காக இரண்டு மாதமாக இங்கே பயிற்சி. 164 மீட்டர்தானே என்ற இளக்காரம் வேறு. அன்று மூன்றாவது தடவை இறங்கும்போது இடது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் ஓடிவந்து ஷூவைக் கழற்றி, குதிகாலை உள்ளங்கையில் தாங்கி, கால்விரல்களை முழங்கால் பக்கமாக மெல்ல மடக்கிப் பிடித்தீர்கள். கல்லாகக் கிடந்த சதை இளகியது. உங்கள் ஹண்ட்ரட் பிளஸ் பானத்தையும் நீட்டினீர்கள். (பாதிதான் குடிக்கச் சொன்னீர்கள். முழுதும் காலி, மன்னிக்கவும்.)

"ஏற மூச்சு வேணும், இறங்கத்தான் தம்பி காலு வேணும்" என்று சின்னச் சின்ன அடியாக இறங்கக் காட்டிக்கொடுத்தீர்கள். வெள்ளியங்கிரியின் பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி ஏன் விற்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. தனியாகப் போகிறேன் என்றதும் திட்டினீர்கள் பாருங்கள், அம்மாவே தோற்றார்! பியூட்டி வோர்ல்ட் எம்ஆர்டி ரயில் நிலைய வாசல் வரை கூடவே நடந்தீர்கள்.

இப்போது நண்பர்கள் இருவர் வருகிறார்கள். இன்னும் ஓர் இடம் காலி, அண்ணே.