புதுக்கோட்டையிலிருந்து மகளுக்கு

அன்பு மகளுக்கு,

மருத்துவமனை வேலையை விட்டுப் பொதுச் சுகாதாரப் பணிக்குப் போகலாமா என்று கேட்டிருந்தாய். படித்த படிப்பு வீணாகிவிடும் என்று சொந்தக்காரர்கள் பேசுவதையும் எழுதியிருந்தாய். நம் ஊரில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கும் இப்படியொரு தயக்கம் வந்ததுண்டு.

ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில், தொண்டைமான் மன்னரின் அனுமதியோடு, திரைக்குப் பின்னால் அமர்ந்து பாடம் கேட்டவர், 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். (அவருக்கு வாய்த்ததுபோல் படிக்கவைக்கும் தகப்பனாரும் மன்னரின் தயவும் வாய்க்காமல் எத்தனை பெண்கள் இதே ஊரில் அடுப்படியோடு நின்றுபோனார்களோ!) 1926-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு அவரை அழைத்தபோது, வைத்தியத் தொழில் கெட்டுவிடுமே என்றுதான் முதலில் யோசித்தார். ஆனால் அங்கே போய் அவர் கேட்டவற்றுள் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்பதும் ஒன்று. நோயாளியின் கட்டிலருகே நின்றவருக்குத்தான் அப்படிக் கேட்கத் தோன்றும். படிப்பு எங்கே வீணானது?

தேவதாசி மரபில் வந்த தாயின் மகளாகிய அவர், சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டத்தால் ஒழிக்க முனைந்தார். 1930-இல் காந்தியடிகள் சிறைப்பட்டதும் பதவியைத் துறந்தார். அந்த வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டம் 1947-இல்தான் நிறைவேறியது. அதுவரை காத்திராமல், போக்கிடமற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கி நடத்தினார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது சட்டசபைப் பேச்சைவிட இதுதான்.

தங்கை புற்றுநோயால் இறந்ததை அருகிலிருந்து பார்த்தவர், அதன் பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 1954-இல், அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். அப்போது அவருக்கு வயது 67. எப்படியும் சாகப்போகிறவர்களுக்கு எதற்குத் தனி மருத்துவமனை என்று கேட்டவர்களையும் சமாளித்துத்தான் அதற்குப் பணம் திரட்ட வேண்டியிருந்தது.

இவற்றையெல்லாம் நீ போயே ஆக வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. சம்பளம் குறையும், அலைச்சல் கூடும். அதைக் கணக்குப் பார்த்துக்கொள். இன்னொன்று: அவர் 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணப்பதற்கு முன்பே, தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பத்திற்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை விதித்துவிட்டார். நாம் அப்போது அப்படியெல்லாம் பேசவில்லை. ஆகவே, மாப்பிள்ளையிடம் நீயே உட்கார்ந்து பேசு. அவர் என்ன சொன்னார் என்பதை அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அம்மா