சம்பளம் வாங்காத படை

அன்புள்ள முருகேசு,

பேத்திக்குக் காதுகுத்து நல்லபடி முடிந்ததில் சந்தோஷம். எனக்குக் கண்புரை எடுத்தாயிற்று. மறுபடி புத்தகமும் கையுமாக இருக்கிறேன். இப்போது அமெரிக்க உள்நாட்டுப் போரில், அதுவும் 54வது மாசசூசெட்ஸ் தன்னார்வக் காலாட்படையில் மூழ்கிக் கிடக்கிறேன்.

சிப்பாய்கள் கறுப்பினத்தவர், கர்னலும் தளபதிகளும் வெள்ளையர். 1863 ஜூலை 18 அன்று தென் கரோலினாவில் எதிரிகளான தெற்கத்தியர் கையிலிருந்த வாக்னர் கோட்டை மீது பாய்ந்தார்கள். கர்னல் ராபர்ட் ஷா மதில் மேலேயே செத்தார், வயது 25. போன சுமார் 600 பேரில் கிட்டத்தட்ட பாதிப் பேர் செத்தார்கள், காயப்பட்டார்கள், அல்லது பிடிபட்டார்கள். கோட்டை அன்று விழவில்லை.

இதை எல்லோரும் சொல்வார்கள். என்னை உலுக்கியது சம்பளச் சண்டைதான். சேரும்போது மாதம் 13 டாலர் என்று வாக்கு. கொடுத்ததோ 10, அதிலும் உடுப்புக்கு 3 பிடித்தம். வெள்ளைச் சிப்பாய்க்கு முழு 13. சரி போகட்டும் என்று வாங்கிக்கொள்ளவில்லை, ஒரு காசும் வேண்டாம் என்றுவிட்டார்கள். மிச்சத்தை மாசசூசெட்ஸ் மாநிலம் தருகிறேன் என்றபோதும் மறுத்தார்கள். ஊரில் பெண்டாட்டி பிள்ளைகள் பட்டினி. ஆனாலும் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை. அதுதான் சாமர்த்தியம். இதே கோரிக்கைக்காக வேறொரு கறுப்பினப் படையில் ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொன்ன சார்ஜெண்ட் வில்லியம் வாக்கரைக் கலகக்காரர் என்று சுட்டே கொன்றார்கள்.

54வது படையின் ஜேம்ஸ் ஹென்றி குடிங் என்ற சிப்பாய் இந்தச் சம்பளம் பற்றி நேராக ஜனாதிபதி லிங்கனுக்கே எழுதினார். 1864 பிப்ரவரியில் ஃப்ளோரிடா சண்டையில் பிடிபட்டு, தெற்கத்தியரின் ஆண்டர்சன்வில் சிறையில் ஜூலையில் இறந்தார். சமச் சம்பளச் சட்டம் ஜூனிலேயே வந்துவிட்டது, பணம் கைக்கு வந்தது இலையுதிர் காலத்தில்!

அந்தச் சட்டத்திலும் ஒரு கொக்கி. 1861 ஏப்ரல் 19இல் சுதந்திர மனிதராக இருந்தவருக்கே சேர்ந்த நாளிலிருந்து முழு நிலுவை. தப்பி வந்த அடிமைகள் என்ன செய்வார்கள்? ஷாவுக்குப் பின் வந்த கர்னல் ஹாலோவெல் ஓர் உறுதிமொழி எழுதினார்: அந்த நாளில் யாருக்கும் கூலியில்லா உழைப்பு கடன்பட்டிருக்கவில்லை என்று சத்தியம் செய். அடிமையாக இருந்தவனும் மனசாட்சியோடு சொல்லலாம், எவனுக்கும் அவன் கடன்பட்டவன் இல்லையே. நம் சங்க வக்கீலுக்குக்கூட இது தோன்றியிருக்காது, போ.

உன் நிலுவை விவகாரம் என்ன ஆயிற்று? பாதித் தொகைக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். போடுவதற்கு முன் எனக்கு ஒரு போன் பண்ணு, அந்தக் காகிதத்தை முதலில் நான் பார்க்க வேண்டும்.

உன்,
சண்முகம்